ஜி. டி. நாயுடு

கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 - ஜனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த பொறியியல் வல்லுநர், தொழிலதிபர், கண்டுபிடிப்பாளர் ஆவார். ஜி. டி. நாயுடு என்னும் பெயராலேயே பரவலாக அறியப்படுகிறார். பள்ளிப் படிப்பை முடிக்காத இவர், தம் சொந்த முயற்சியால் இயந்திரவியலைக் கற்று, பேருந்துப் போக்குவரத்து, மின்மோட்டார் தயாரிப்பு, நுண்கருவிகள், வேளாண்மை, தொழிற்கல்வி எனப் பல துறைகளில் தடம் பதித்தார். இந்தியாவின் எடிசன் என்ற அடைமொழி இவருக்கு வழங்கி வருகிறது.

இவரது வாழ்க்கையில் இரண்டு பொருள்கள் சிறப்பிடம் பெறுகின்றன. ஒன்று ஊர்தி, மற்றொன்று மின்மோட்டார். ஊர்தியை வாங்குவதும், அதன் உள்ளமைப்பை அறிந்து வைத்திருப்பதும், குறைந்த செலவில் ஓட்டுவதும் இவருக்கு வாழ்நாள் முழுவதும் அக்கறைக்குரியனவாக இருந்தன. மின்மோட்டாரால் ஓடும் ஊர்திகள் பெருகிவரும் இக்காலத்தில் இவரது பணிகள் புதிய பொருள் பெறுகின்றன.

பிறப்பும் இளமையும்

நாயுடு கோயம்புத்தூர் மாவட்டம் சூலூர் அருகேயுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை பெயர் கோபால்சாமி நாயுடு. பள்ளியில் பாடங்களை மனப்பாடம் செய்யும் முறை இவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர்களுடன் ஏற்பட்ட பிணக்குகளால் படிப்பு இடையிலேயே நின்றது. எனினும் கிடைத்த நூல்களையும் இதழ்களையும் படிக்கும் பழக்கம் தொடர்ந்தது. தோட்ட வேலைகளில் ஈடுபட்டபடியே தாமாகக் கற்றுக்கொண்டார்.

முதல் மோட்டார் சைக்கிள்

இளைஞராக இருந்தபோது ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ஊருக்குள் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளை நாயுடு கண்டார். மாடோ குதிரையோ இழுக்காமல் ஓடிய அந்த வண்டி இவரது வாழ்வின் போக்கையே மாற்றியது. அதை விலைக்கு வாங்க வேண்டும் என்ற விருப்பத்துடன் கோயம்புத்தூருக்குச் சென்று உணவுவிடுதி ஒன்றில் பரிமாறும் பணியில் சேர்ந்தார். சில ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த சில நூறு ரூபாயைக் கொண்டு அதே மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கிய வண்டியை இவர் ஓட்டிப் பார்த்ததோடு நிற்கவில்லை. அதை முழுவதும் பிரித்து, ஒவ்வோர் உறுப்பும் என்ன வேலை செய்கிறது என்பதை ஆராய்ந்து, மீண்டும் பூட்டினார். கையேடோ ஆசிரியரோ இல்லாமல் நடந்த இப்பயிற்சியே இவரது பொறியியற் கல்வியின் தொடக்கம் எனலாம். பின்னர்ச் சிலகாலம் இயந்திரம் பழுதுபார்ப்பவராகப் பணியாற்றினார். திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கிப் பொருள் ஈட்டினார். அப்பொருளுடன் பம்பாய் சென்று பருத்தி வணிகத்தில் ஈடுபட்டபோது பெரும் இழப்புக்கு உள்ளாகி ஊர் திரும்பினார்.

பேருந்துத் தொழில்

கோயம்புத்தூரின் தொழில் வளர்ச்சியில் பங்குபெற்ற ஸ்டேன்ஸ் நிறுவனத்தின் ராபர்ட் ஸ்டேன்ஸ் நாயுடுவின் திறமையை மதித்து உதவினார். அவ்வுதவியைக் கொண்டு 1920ஆம் ஆண்டு நாயுடு ஒரு பேருந்தை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார். இவ்வொற்றைப் பேருந்திலிருந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் நிறுவனம் வளர்ந்தது. யு. எம். எஸ். எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட இந்நிறுவனம் 1930களில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பேருந்துகளைக் கொண்டிருந்தது.

பேருந்துத் தொழிலில் வருவாய் என்பது பயணச்சீட்டை மட்டும் பொறுத்ததன்று. எரிபொருள், சக்கரம், எண்ணெய், பழுது, வண்டி ஓடாமல் நிற்கும் நாட்கள் ஆகிய அனைத்தையும் கழித்த பின் எஞ்சுவதே வருவாய். அக்காலத்தில் வண்டிகளும் உதிரிப் பாகங்களும் வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வந்தன. ஓர் உறுப்பு உடைந்தால் மாற்று வரும்வரை வண்டி கொட்டகையில் நின்றது. இந்நிலையில், சொந்தப் பட்டறையில் பழுதுபார்ப்பதும், தேவையான கருவிகளை உள்ளூரிலேயே செய்துகொள்வதும் இவருக்கு இன்றியமையாதவை ஆயின. நாயுடுவின் பிற்காலக் கண்டுபிடிப்புகள் பலவும் இப்பட்டறை அனுபவத்தின் நீட்சியாகும்.

மின்மோட்டார் தயாரிப்பு

நீலகிரி மலையிலுள்ள பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் மின்னாற்றல் வழங்கத் தொடங்கியது. அதன் பயன் கோயம்புத்தூர் வட்டாரத்துக்குப் பெரிதும் கிடைத்தது. நூற்பாலைகள் பெருகின. ஆழ்கிணறுகளிலிருந்து கவலை கட்டி மாடுகளைக் கொண்டு நீரிறைத்த உழவர்கள் மின்சார நீரேற்றிகளை நாடத் தொடங்கினர். இவ்விரு தேவைகளும் மின்மோட்டாருக்குப் பெரும் சந்தையை உருவாக்கின. ஆனால் மோட்டார்கள் வெளிநாட்டிலிருந்தே வர வேண்டியிருந்தது.

நாயுடு, பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தை நிறுவிய டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து, பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் என்னும் தொழிலகத்தில் மின்மோட்டார் தயாரிப்பில் ஈடுபட்டார். 1937இல் அங்கிருந்து வெளிவந்த மோட்டார், இந்தியாவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் எனப் பலராலும் குறிப்பிடப்படுகிறது. அதன்பின் பல நிறுவனங்கள் இத்துறையில் இறங்கின. மின்மோட்டார், நீரேற்றி ஆகியவற்றின் தயாரிப்பில் இந்தியாவின் முதன்மையான மையங்களுள் ஒன்றாகக் கோயம்புத்தூர் உருவெடுத்தது.

பிற கண்டுபிடிப்புகள்

நாயுடுவின் கண்டுபிடிப்புகளுள் மிகவும் புகழ்பெற்றது ரேசண்ட் எனப் பெயரிடப்பட்ட மின்சாரச் சவரக் கருவியாகும். ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் செய்யப்பட்ட சிறிய மோட்டார் ஒன்றை உலர் மின்கலங்களால் இயக்கும் வகையில் இது அமைந்தது. சுவரிலுள்ள மின்னிணைப்பின் துணையின்றி, மின்கலத்தில் சேமித்த ஆற்றலைக் கொண்டு ஒரு மோட்டாரைச் சுழற்றுவதே இதன் அடிப்படை.

மிக மெல்லிய சவர அலகுகள், திரைப்பட ஒளிப்படக் கருவிக்கான தொலைவு சரிசெய்யும் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் மின்விசிறி போன்ற காற்றாடி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவுக் கருவி ஆகியனவும் இவர் உருவாக்கியவற்றுள் சில. ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே தயாரிக்க இயலும் என 1941இல் அறிவித்தார். பொருளின் விலை எளியவருக்கு எட்டும் அளவில் இருக்க வேண்டும் என்பதே இவரது முயற்சிகளின் பொதுவான நோக்கமாக இருந்தது.

இரண்டாயிரம் ரூபாய் மகிழுந்து

1952இல் நாயுடு இருவர் அமர்ந்து செல்லக்கூடிய சிறிய பெட்ரோல் மகிழுந்து ஒன்றை உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய் மட்டுமே. நடுத்தரக் குடும்பத்தினர் சொந்தமாக மகிழுந்து வைத்திருப்பது அரிதாக இருந்த காலம் அது.

ஆனால் அம்மகிழுந்து தொடர் உற்பத்திக்கு வரவில்லை. 1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சியும் ஒழுங்குமுறையும்) சட்டத்தின்படி, குறிப்பிட்ட தொழில்களைத் தொடங்க நடுவண் அரசின் உரிமம் தேவைப்பட்டது. நாயுடுவின் மகிழுந்துக்கு அரசு உரிமம் வழங்க மறுத்தது. அதனால் உற்பத்தி கைவிடப்பட்டது. உரிமமுறை, வரிவிதிப்பு ஆகியன குறித்து நாயுடு அரசுடன் நீண்டகாலம் முரண்பட்டிருந்தார். குறைந்த விலை மகிழுந்து என்னும் எண்ணம் இந்தியாவில் பரவலாக நிறைவேற, 1983இல் மாருதி 800 வெளிவரும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கல்விப் பணி

1944இல் நாயுடு தம் ஊர்தி நிறுவனங்களின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, ஆராய்ச்சி உதவித்தொகை, தொழிலாளர் நலம், தொழிற்பயிற்சி ஆகியவற்றுக்குக் கொடைகள் வழங்கினார். இவரது முயற்சியாலும் நன்கொடையாலும் ஆர்தர் ஹோப் பல்தொழில்நுட்பப் பயிலகமும் ஆர்தர் ஹோப் பொறியியற் கல்லூரியும் கோயம்புத்தூரில் தோன்றின. அப்போதைய சென்னை மாகாண ஆளுநரின் பெயர் அவற்றுக்கு இடப்பட்டது. 1945இல் தொடங்கிய அக்கல்லூரியே இன்று தடாகம் சாலையிலுள்ள அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது.

கல்லூரியின் தொடக்க காலத்தில் நாயுடு அதன் முதல்வராக இருந்தார். நான்கு ஆண்டுப் பாடத்திட்டம் தேவையற்றது, செய்முறைப் பயிற்சியுடன் இரண்டு ஆண்டுகளே போதும் என்பது இவரது கருத்து. அரசு அதனை ஏற்காததால் பொறுப்பிலிருந்து விலகினார்.

பிற ஈடுபாடுகள்

பருத்தி, சோளம், பப்பாளி முதலிய பயிர்களில் நாயுடு ஆய்வுகள் மேற்கொண்டார். இவரது பண்ணையை ச. வெ. இராமன், மோ. விசுவேசுவரய்யா ஆகியோர் பார்வையிட்டனர். ஒளிப்படக் கலையிலும் திரைப்படம் பிடிப்பதிலும் ஆர்வம் மிக்கவர். 1936இல் இலண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். மாகாணத் தேர்தலில் போட்டியிட்டுத் தோல்வியடைந்தார். காலை 6 மணிக்கு அடித்தளம் தொடங்கி மாலை 5 மணிக்குள், 11 மணி நேரத்தில் ஒரு வீட்டைக் கட்டி முடித்துக் காட்டியதும் இவரது செயல்களுள் குறிப்பிடத்தக்கது.

நாயுடுவின் பணிகளும் மின்னூர்தியும்

நாயுடு சிறுவனாக இருந்த காலத்தில் மேலைநாடுகளில் நீராவி, பெட்ரோல், மின்சாரம் ஆகிய மூன்று வகை ஊர்திகளும் ஒன்றோடொன்று போட்டியிட்டன. சென்னையில் 1895 முதல் 1953 வரை மின்சாரத் தண்டூர்திகளான டிராம்கள் ஓடின. ஆயினும் பெட்ரோலின் மலிவும், கையால் சுழற்றாமல் எஞ்சினைக் கிளப்பும் மின்தொடக்கி 1912இல் மகிழுந்துகளில் இடம்பெற்றதும் பெட்ரோல் ஊர்தியை வெற்றிபெறச் செய்தன. நாயுடுவின் பேருந்துகளும் 1952ஆம் ஆண்டு மகிழுந்தும் அந்த வரிசையில் வந்தவையே. ஆனால் பீளமேட்டு மின்மோட்டாரும், மின்கலத்தால் சுழலும் ரேசண்டும் மின்னூர்தியின் இரு அடிப்படைகளைக் கொண்டவை. 2008இல் மின்சார இருசக்கர ஊர்திகளைத் தயாரிக்கும் ஆம்பியர் நிறுவனம் கோயம்புத்தூரிலேயே தொடங்கப்பட்டது.

மின்னூர்தியின் அமைப்பு எளிமையானது. மின்கல அடுக்கு (பேட்டரி), மின்மோட்டார், இவ்விரண்டுக்கும் இடையே மின்னோட்டத்தை அளந்து விடும் கட்டுப்படுத்தி, மின்னேற்றி (சார்ஜர்) ஆகிய நான்கும் முதன்மையான உறுப்புகள். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது, ஏறத்தாழ கால் பங்கே சக்கரத்தை அடைகிறது. நல்ல மின்மோட்டார் தான் பெறும் மின்னாற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை இயக்கமாக மாற்றுகிறது. நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசையைத் தருவதால், பெரும்பாலான மின்னூர்திகளுக்குப் பல்லிணை மாற்றும் பெட்டி தேவைப்படுவதில்லை. எஞ்சின் எண்ணெய், தீப்பொறிச் செருகி, கார்புரேட்டர், புகைபோக்கி ஆகியவையும் இல்லை. ஆகவே தேய்மானமும் பராமரிப்பும் குறைவு.

பேருந்து முதலாளியாக நாயுடு கணக்கிட்ட அதே முறையில் இன்றைய செலவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள சுருளிப்பட்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சுருளி அருவிக்குச் செல்லும் வழியிலுள்ள இவ்வூர் திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்பகுதித் தோட்டங்களில் கிணற்று நீரை மேலேற்றுவது மின்மோட்டாரே. ஆதலால் மோட்டாரின் இயல்பை இவ்வூர் உழவர்கள் நன்கு அறிவர். இப்பள்ளத்தாக்கிலேயே மின்னாற்றலும் பிறக்கிறது. லோயர்கேம்பில் உள்ள பெரியாறு நீர்மின் நிலையம் 1950களின் இறுதியிலும், 35 மெகாவாட் திறனுள்ள சுருளியாறு நீர்மின் நிலையம் 1978இலும் இயங்கத் தொடங்கின.

இங்கிருந்து நாள்தோறும் கம்பம் சந்தைக்குச் சென்றுவரும் ஒருவர், ஏறத்தாழ 3 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒரு கிலோவாட் மணி என்பது மின்கட்டண அட்டையில் வரும் ஓர் அலகு. மின்னேற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து 100 கி.மீ. ஓட்டத்துக்குச் சுமார் மூன்றரை அலகு செலவாகும். அலகுக்கு 8 ரூபாய் எனக் கொண்டால் 28 ரூபாய். லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு அதே தொலைவுக்கு இரண்டே கால் லிட்டர் தேவை. லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டால் 225 ரூபாய். நாளொன்றுக்கு 20 கி.மீ. ஓட்டுபவர் மாதத்துக்கு ஏறத்தாழ 1,200 ரூபாய் மிச்சப்படுத்த இயலும். குறைவாக ஓட்டுபவருக்கு மிச்சமும் குறைவு என்பதால், வாங்கும்போது தரும் கூடுதல் விலையை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

வரம்புகளும் உள்ளன. அத்தகைய ஸ்கூட்டர் ஒரு மின்னேற்றத்தில் சுமார் 80 முதல் 100 கி.மீ. வரை ஓடும். கம்பத்திலிருந்து தேனி ஏறத்தாழ 40 கி.மீ. என்பதால், தேனிக்குச் சென்று திரும்புபவர் இடையில் மின்னேற்ற வாய்ப்பு உண்டா எனப் பார்த்துச் செல்வது நல்லது. லோயர்கேம்பிலிருந்து குமுளிக்கு மலையேறும்போது மின்கலம் விரைவாகக் குறையும். இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாகச் செயல்பட்டு, செலவான ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பும். இது மீளாக்கத் தடுப்பு எனப்படுகிறது.

மின்னூர்தியில் விலைமிக்க உறுப்பு மின்கல அடுக்கே. மிகை வெப்பம் அதன் ஆயுளைக் குறைக்கும். வெயிலில் ஓட்டிவந்த உடனே மின்னேற்றாமல் சற்று ஆறவிடுதல், வண்டியுடன் வந்த மின்னேற்றியையே பயன்படுத்துதல், நிலத்தொடர்பு (எர்த்) சரியாக உள்ள இணைப்பில் பொருத்துதல், மின்கலம் முழுவதும் தீரும்வரை ஓட்டாதிருத்தல் ஆகியன அடிப்படை விதிகள். வாங்கும் முன் மின்கலத்துக்கான உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் என்பதையும், பழுதுபார்க்கும் நிலையம் அருகில் உள்ளதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

இவ்விடத்தில் நாயுடுவின் வாழ்க்கை ஒரு கேள்வியை எழுப்புகிறது. தாம் வாங்கிய வண்டியைப் பிரித்துப் பூட்டியே அவர் பொறியாளர் ஆனார். இன்றைய மின்னூர்தியில் சுழலும் உறுப்புகள் சிலவே ஆயினும், உயர் மின்னழுத்தமும் கணினி நிரல்களும் இருப்பதால் பயிற்சியின்றி அதைப் பிரிப்பது ஆபத்தானது. மின்கல அடுக்கையும் கட்டுப்படுத்தியையும் சீர்செய்யத் தெரிந்தவர்கள் சிற்றூர்களிலும் உருவானால்தான் வாங்கியவருக்கு அதன் முழுப் பயனும் கிடைக்கும். செய்முறை சார்ந்த குறுகியகாலத் தொழிற்கல்வி வேண்டும் என நாயுடு வாதிட்டதன் தேவை இங்குத் தெளிவாகிறது.

மறைவும் நினைவும்

நாயுடு 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தம் 80ஆம் வயதில் மறைந்தார். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் 1967இல் நிறுவப்பட்ட ஜி. டி. நாயுடு தொழிற்காட்சியகம் இவரது கண்டுபிடிப்புகளையும் இவர் திரட்டிய கருவிகளையும் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தி வருகிறது. பழைய மகிழுந்துகளைக் கொண்ட ஜி. டி. மகிழுந்து அருங்காட்சியகம் 2015இல் திறக்கப்பட்டது. நாயுடுவின் வாழ்க்கையைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று 66ஆவது தேசிய திரைப்பட விருதுகளில் அறிவியல் தொழில்நுட்பப் பிரிவில் விருது பெற்றது. அவிநாசி சாலையில் கட்டப்பட்டு 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 10 கி.மீ. நீளமுள்ள மேம்பாலத்துக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.